வராத ஆறு மெசேஜ்

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோம்மா. நான் இந்த ஓரத்துல இருந்துக்கறேன். எனக்கு அடிக்கடி எந்திரிக்கணும். உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, உக்கார முடியல, அவ்வளவுதான். நீ போன்ல உங்க அம்மாகிட்ட "சாப்பிட்டேம்மா, இட்லி எல்லாம் இங்க ஏது"ன்னு சொன்ன பாரு, அப்பவே நெனச்சேன், அட நம்ம புள்ளன்னு. ஷிம்லாலேருந்து மணாலி ஒம்போது மணி நேரம். வாயை மூடிக்கிட்டு வரணும்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.

மெதுவா பாரு. பட்டுனு திரும்பாத. முன்னாடி மூணாவது சீட்டு, ஊதாக் குல்லா. தெரியுதா? அவன் பேரு கேஹர் சிங். பயப்படாம பேசலாம், அவனுக்குத் தமிழ்ல தோசை, சட்னி ரெண்டு வார்த்தைதான் தெரியும். நேத்து ஷிம்லாவுல அவனுக்காக நான் ஒரு காரியம் பண்ணினேன். சின்னக் காரியம் இல்ல. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டதை மீறிப் பண்ணினேன். காலைல பஸ்ஸுல ஏறும்போது என்னைப் பாத்தான். "நமஸ்தே தீதீ"ன்னான். போய் முன்னாடி உக்காந்துட்டான். தீதீன்னா அக்கா. பக்கத்துல எடம் இருந்துச்சும்மா. இந்தா, நீ உக்காந்திருக்கிற எடம்தான். பையை எடுத்து மடியில வச்சு ஒதுக்கிக்கூடக் குடுத்தேன். பாக்காத மாதிரி போயிட்டான்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். பேரு ஆவுடையம்மாள். வெள்ளைக்காரங்க வாயில நுழையாது, "ஆவ்டி, ஆவ்டி"ம்பாங்க, ஏதோ காரைக் கூப்பிடுற மாதிரி. எங்க வீட்டுக்காரர் சண்முகவேல், ராணுவத்துல ஹவில்தாரா இருந்தாரு. கடைசி நாலு வருஷம் இந்த மலைல போஸ்டிங். ரிட்டையர் ஆகி ஊருக்கு வருவாருன்னு பாத்தா, ஷெல்கோட்ல ஆறு ரூம் வீடு ஒண்ணு லீஸுக்குக் கெடைக்குது, கெஸ்ட் ஹவுஸ் போடப் போறேன்னு நிக்கிறாரு. மணாலிக்கு மேல இருக்கு ஷெல்கோட். டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் கதவைத் திறந்தா பனி, மூடினா குளிரு. வந்து பதினாலு வருஷம் ஆச்சு.

அங்க வர்றவங்க நீ வர்ற மாதிரி பனியைப் பாத்து போட்டோ எடுத்துட்டுப் போறவங்க இல்ல. பனிச்சறுக்குக்காரங்க. அதுலயும் லிஃப்டு, கயிறு, காவலுக்கு ஆளுன்னு இருக்கிற எடத்துக்குப் போகாத கூட்டம். காலுல ரெண்டு பலகையைக் கட்டிக்கிட்டு, அடியில வழுக்காம இருக்க ரோமத்துணி ஒட்டிக்கிட்டு, ஆள் காலே படாத மலையில நாலு மணி நேரம் ஏறுவாங்க. ஏறி நின்னு துணியை உரிச்சுட்டு பத்து நிமிஷத்துல இறங்குவாங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஸ்வீடன்லேருந்தும் ஜப்பான்லேருந்தும் வருவாங்க. கூட்டிட்டுப் போறது கேஹர் மாதிரி உள்ளூர் கைடு.

நான் எங்க வந்தேன்னு கேளு. நான் பி.எஸ்ஸி. கணக்கு. டீச்சராகணும்னு இருந்தேன், கல்யாணம் ஆச்சு, ஆகல. சரி. ஒம்போது வருஷம் முன்னாடி ஆஸ்திரியாக்காரர் ஒருத்தர், ஹெல்முட்னு பேரு, வருஷா வருஷம் எங்க வீட்டுல தங்குறவர், எங்க ஊருக்கு மேல ரூப்தார் முகட்டுல ஒரு கம்பம் நட்டார். வானிலைக் கம்பம். காத்தை அளக்க கிண்ணம் சுத்தும், குளிரை அளக்க ஒண்ணு, பனி எவ்வளவு உயரம்னு மேலேருந்து பாக்க ஒரு கண்ணு. உள்ளுக்குள்ள சிம் கார்டு. மணிக்கு ஒரு மெசேஜ் என் போனுக்கு வரும். நாலே எண்ணு: குளிர், காத்து வேகம், காத்து திசை, பனி உயரம். இவங்க கிளம்புறதுக்கு முன்னாடி பாக்கணும், அதை யாராவது எடுத்து எழுதி வைக்கணும்னார் ஹெல்முட். நான் பண்றேன்னேன்.

எழுதி வைக்கிறதோட நான் விடல. எண்ணை வரிசையா எழுதி வச்சா எவன் படிப்பான்? மணாலி கடையில கிராப் ஷீட்டு வாங்கினேன், நாம பத்தாவதுல போடுவோமே, அதே பச்சைக் கட்டம். குளிருக்குச் சிவப்பு, காத்துக்கு நீலம், பனி உயரத்துக்குப் பச்சை. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு போனைப் பாத்து நோட்டுல எழுதி, நோட்டைப் பாத்து ஷீட்டுல புள்ளி வச்சு, ஸ்கேலால இணைச்சு, ஆறு மணிக்கு சாப்பாட்டு ஹால் கதவு பக்கத்துல ஒட்டிருவேன். ஒரு அழிப்பு இருக்காது. ஒரு கோடு தடிச்சிருக்காது. நான் தோசை ஊத்திக்கிட்டே பாப்பேன், அத்தனை பேரும் தட்டைக் கையில வச்சுக்கிட்டு என் ஷீட்டு முன்னாடி நிப்பாங்க. பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்லேருந்தெல்லாம் வந்து நிப்பாங்க. என் கிராப்பைப் பாக்காம ரூப்தார் பக்கம் எவனும் ஏறுனது கெடையாது. ஏழு வருஷம்.

இரு, இந்த ஜன்னலைக் கொஞ்சம் திற. புழுக்கமா இருக்குல்ல? குளிருதா? சரி, மூடிக்கோ.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பிப்ரவரி. எங்க வீட்டுல ஸ்வீடன்காரங்க மூணு பேர். ஒரு புருஷன் பொண்டாட்டி, அவங்க சினேகிதர் யோனாஸ். நாப்பத்தோரு வயசு. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். வந்த மொத நாளே ஷீட்டு முன்னாடி நின்னவர் நகரவே இல்ல. "இதை நீங்களா கையால போடுறீங்க?"ன்னார். ஆமான்னேன். "என் புள்ளைங்களுக்குக் காட்டுவேன், இப்படித்தான் போடணும்னு"ன்னு சொல்லி போட்டோ எடுத்தார். தினம் ஒண்ணு எடுப்பார். பன்னெண்டு நாள் இருந்தார், பன்னெண்டு போட்டோ. எனக்கு அந்த ஊருல வந்ததுலேருந்து நான் படிச்ச படிப்பைப் பத்தி ஒருத்தர் பேசினதுன்னா அவர்தான்.

பதிமூணாம் நாள் காலைல அஞ்சு மணிக்கு போனைப் பாக்குறேன். ராத்திரி பத்து மணி மெசேஜ் இருக்கு. காலைல அஞ்சு மணி மெசேஜ் இருக்கு. நடுவுல ஆறு மெசேஜ் இல்ல. பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வரல. அப்பப்போ ஒண்ணு ரெண்டு விடும், டவர் பிரச்சினை. ஆறு விட்டது இல்ல. சரி. பத்து மணிக்கு காத்து பதினாலு கிலோமீட்டர் வேகம். அஞ்சு மணிக்கு பதினேழு. குளிர் மைனஸ் பதிமூணு, அப்புறம் மைனஸ் பதினொண்ணு. பனி உயரம் நூத்தி எண்பத்திரண்டு இருந்தது நூத்தி எழுபத்தெட்டு. நாலு சென்டிமீட்டர் கொறைஞ்சிருக்கு, படிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீயே சொல்லு, பதினாலுக்கும் பதினேழுக்கும் நடுவுல என்ன இருக்கும்? பதினஞ்சு, பதினாறு. கணக்குல இதுக்கு முறையே இருக்கு. ரெண்டு புள்ளி தெரிஞ்சா நடுவுல உள்ளதைக் கண்டுபிடிக்கலாம். பாடத்துல படிச்சதுதான். ஸ்கேலை வச்சேன், இணைச்சேன். ஷீட்டு நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்? அன்னிக்கு எல்லா நாளையும் விட அழகா வந்துச்சு. நேர் கோடு.

கேஹர் ஆறரை மணிக்கு வந்தான். அவன் இருபது வருஷமா அந்த மலையில ஏறுறவன். கையுறையைக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு, டீ கிளாஸை வாங்கிக்கிட்டு, ஷீட்டைப் பாத்தான். பாத்துட்டு சமையக்கட்டுக்குள்ள தலையை நீட்டினான்.

"தீதீ, ராத்திரி மேல காத்து எப்படி?"

"அமைதி"ன்னேன்.

"முழு ராத்திரியுமா?"

"கோட்டைப் பாரு."

கல்லுல தோசை காய்ஞ்சுக்கிட்டு இருக்கு, பன்னெண்டு பேருக்கு ஊத்தணும். அவன் மறுபடி போய்ப் பாத்தான். யோனாஸ் பக்கத்துல நின்னு, விரலை வச்சு அந்த நீலக் கோட்டை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்தார். "எவ்வளவு நிம்மதியான ராத்திரி"ன்னார். போட்டோ எடுத்தார். ஏழு மணிக்குக் கிளம்பிட்டாங்க.

பதினொண்ணே முக்காலுக்கு கேஹர் வாக்கி டாக்கில எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அலறுனான். அவரும் ஊர்க்காரங்க ஒம்போது பேரும் மண்வெட்டி எடுத்துக்கிட்டு ஓடுனாங்க. சரிவுல இருந்த பனி மொத்தமா பலகை மாதிரி உடைஞ்சு இறங்கியிருக்கு. நாலு பேருல மூணு பேர் ஓரத்துல தப்பிச்சாங்க. யோனாஸ் நடுவுல. கேஹர் பனியில புதைஞ்சவங்களைத் தேடுற கருவியை வச்சு எடத்தைக் கண்டுபிடிச்சு தோண்டியிருக்கான். இடுப்புல சொருகின கையுறை எங்கயோ போயிருச்சு. மண்வெட்டி ஒடைஞ்சு வெறுங்கையால தோண்டியிருக்கான். அரை மணி நேரம். எடுத்தப்போ உயிர் இல்ல. கேஹருக்கு இடது கையில ரெண்டு விரல் நுனி போச்சு. அதோ, கம்பியைப் பிடிச்சிருக்கான் பாரு, அந்தக் கை.

நான் அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பன்னெண்டு பேருக்கும் அரிசி போட்டுட்டேன். யார் சாப்பிடுவா? எல்லாத்தையும் மறுநாள் மாட்டுக்கு வச்சோம்.

பத்து நாள் கழிச்சு கேஹர் வந்தான். கை பூராக் கட்டு. "தீதீ, அன்னிக்கு எழுதின நோட்டைப் பாக்கலாமா?"ன்னான். ஷீட்டு இருக்கேன்னேன். "நோட்டு"ன்னான். குடுத்தேன். எதுக்கு மறைக்கணும்? நோட்டுல அந்த ஆறு வரிசையும் காலியாத்தானே இருக்கும். மணி எழுதியிருக்கேன், எண்ணு எழுதல. ஒத்தக் கையால பக்கத்தைப் புரட்டி அந்த எடத்துல நின்னான். அப்புறம் நோட்டை மூடி மேஜை மேல வச்சான். "தீதீ, பால் பொங்குது"ன்னான். திரும்பிப் பாத்தேன், அடுப்பெல்லாம் பால். தொடைச்சுட்டுத் திரும்பினா ஆளைக் காணோம். அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசப்படி ஏறல.

மார்ச்ல கைடு சங்கத்துலேருந்து ரெண்டு பேர் விசாரிக்க வந்தாங்க. ஹால்ல உக்காந்தாங்க. என்னைக் கேட்டாங்க, டேட்டா எல்லாம் சரியா இருந்துச்சான்னு. "வந்த டேட்டா எல்லாத்தையும் போட்டேன்"னேன். பொய்யா அது? வந்த டேட்டா. அவங்க ஷீட்டைப் பாத்தாங்க, தலையாட்டினாங்க. நோட்டைக் கேக்கல. கேக்காததை நான் ஏன் எடுத்து நீட்டணும்? கேஹரைக் கேட்டாங்க. அவன் சொன்னது எழுத்துல இருக்கு, நான் என் காதால கேட்டேன்: "ஏறுறதுக்கு முன்னாடி பனியைத் தோண்டி அடுக்கைப் பாத்திருக்கணும். நான் பாக்கல. முடிவு என்னோடது." ஒரு வார்த்தை கூடவும் இல்ல, ஒரு வார்த்தை கொறையவும் இல்ல. லைசென்ஸை நிறுத்திட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி விசாரிப்போம்னாங்க. நான் நெனச்சேன், பாரு, அவனே ஒத்துக்கிட்டான், நமக்கென்னன்னு. சரிதானே? அவனே சொன்னான்ல?

யோனாஸ் சம்சாரம் எனக்குக் கடுதாசி போட்டா, கேட்டியா. ஹெல்முட்டுக்கு அனுப்பியிருந்தா, அவர்தான் போன்ல படிச்சுச் சொன்னார். கடைசி நாள் காலைல அவர் அனுப்பின போட்டோவை, என் கிராப்பை, பெருசாக்கி சட்டம் போட்டு வீட்டுல மாட்டி வச்சிருக்காளாம். அவருக்கு அதை ரொம்பப் பிடிச்சிருந்துச்சுன்னு எழுதியிருந்தா. ஸ்வீடன்ல ஒரு வீட்டுச் சுவத்துல என் ஷீட்டு தொங்குது. நான் ஊர்ல அக்காவுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன்.

தண்ணி வச்சிருக்கியா? ரெண்டு மடக்கு குடு.

ஜூன்ல ஹெல்முட் வந்து கம்பத்துப் பெட்டியைப் பிரிச்சார். கம்பம் மெசேஜ் அனுப்புதோ இல்லையோ, உள்ள ஒரு கார்டுல பதிஞ்சு வச்சிருக்குமாம். எனக்கு அது தெரியாது. அவர் கம்ப்யூட்டர்ல போட்டு, என்னைக் கூப்பிட்டு, பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சார். அந்த ராத்திரி. பத்து மணிக்கு பதினாலு. பதினொண்ணுக்கு முப்பத்தஞ்சு. பன்னெண்டுக்கு அறுபது. ரெண்டு மணிக்கு எண்பத்தெட்டு. மூணுக்கு எண்பத்தஞ்சு. அப்புறம் இறங்கி அஞ்சு மணிக்கு பதினேழு. ஷீட்டுல போட்டா ஒரு மலை மாதிரி நிக்குதும்மா. அந்தக் காத்துல மேல இருக்கிற டவருக்கே கரண்டு போயி நின்னிருக்கு, அதான் மெசேஜ் வரல. முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பனியை எல்லாம் காத்து வாரிக்கிட்டு வந்து இந்தப் பக்கச் சரிவுல அப்பியிருக்கு. அந்த நாலு சென்டிமீட்டர் படியல, பறந்துருச்சு. மேல பாத்தா மெத்துனு புதுப் பனியாத் தெரியும், அடியில ஒட்டாது, ஆள் ஏறினா உடையும்னு ஹெல்முட் சொன்னார்.

"மெஷின் கோளாறா இருக்கும்"னேன்.

அவர் ஒரு பேப்பர்ல அதை அடிச்சு என் கையில குடுத்தார். எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, "ஏளா, கிழிச்சு அடுப்புல போடு. வெளிய தெரிஞ்சா கெஸ்ட் ஹவுஸை இழுத்து மூடிருவான். லீஸு இன்னும் ஆறு வருஷம் இருக்கு"ன்னார். போடலாம்னுதான் போனேன். நோட்டு அட்டைக்குள்ள சொருகி வச்சிட்டேன். ஏன்னு கேக்காத. கணக்கு படிச்சவளுக்கு எண்ணைக் கிழிக்க மனசு வராது, அவ்வளவுதான்.

அடுத்த குளிர் காலத்துலதான் எனக்குக் கோவமே வந்துச்சு. லைசென்ஸ் இல்லாததால கேஹர் ஜீப்பு ஓட்டினான். ஓட்டுனா ஓட்டட்டும். ஹெல்முட்கிட்டச் சொல்லி அந்த மெசேஜ் அவன் போனுக்கும் வர்ற மாதிரி பண்ணிக்கிட்டான். எங்க வீட்டுக்கு எதிர்ல அவன் மச்சான் டீக்கடை. அதுல ஒரு பலகையை மாட்டி அவனே கிராப் போட ஆரம்பிச்சான். நீ அதைப் பாக்கணும். கை வேற சரியில்லயா, கோடு கோணலா போகும். மெசேஜ் வராத எடத்துல கோட்டையே நிறுத்திருவான். வெள்ளையா விட்டுருவான். அங்கங்க அறுந்து தொங்குற மாதிரி இருக்கும். அந்த வெள்ளை எடத்துல இந்தியில பெருசா "தெரியாது"ன்னு எழுதி வைப்பான். எங்கயாவது உண்டா? தெரியாததை எழுதி மாட்டி வைக்கிறதுக்கு ஒரு பலகையா? ஆனா கேளு, எங்க வீட்டுல தங்குறவங்களே, என் தோசையைத் தின்னுட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் அந்தக் கோணல் பலகை முன்னாடி நிக்கிறாங்க. என் ஷீட்டு முன்னாடி ஒருத்தன் இல்ல. நான் இன்னும் நல்லாப் போடுவேன், புதுப் பேனா வாங்கினேன். ஒருத்தன் திரும்பல.

எந்த ஊர் இது? சுந்தர்நகரா? இன்னும் மண்டியே வரலையா.

இந்த ஜனவரிதான். அதே மாதிரி ஒரு காலைல. ரெண்டு மணி, மூணு மணி, நாலு மணி, மூணு மெசேஜ் வரல. முன்னாடி இருபது, பின்னாடி இருபத்திரண்டு. எனக்குத்தான் முறை தெரியுமே. ஸ்கேலை எடுத்து ரெண்டு புள்ளிக்கும் நடுவுல வச்சேன். பேனாவும் வச்சேன். கை ஓடல. குளிர்ல பேனா உறைஞ்சிருச்சோன்னு அடுப்புல காட்டிட்டு வந்து வச்சேன். அப்பவும் ஓடல. பேனா எழுதுது, பக்கத்துல கிறுக்கிப் பாத்தேன், நல்லா எழுதுது. அந்த எடத்துல மட்டும் கை போகல. அதுக்குள்ள ஒரு ஜப்பான்காரப் பொண்ணு வந்து நிக்கிறா, உன் வயசுதான் இருக்கும். "ராத்திரி காத்து எப்படி?"ன்னு கேக்குறா.

நான் அவ மொகத்தைப் பாத்தேன். "எனக்குத் தெரியாது"ன்னேன்.

"தெரியாதுன்னா?"

"மூணு மணி நேரம் என்ன நடந்துச்சுன்னு தெரியாதும்மா. போகாத."

அவளும் கூட வந்தவங்களுமா ஆறு பேர் அன்னிக்குப் போகல. ரெண்டு நாளா பேஞ்ச புதுப் பனி, வெயிலு பளீர்னு அடிக்குது, இவங்க ஹால்ல உக்காந்து சீட்டு ஆடுறாங்க. சாயங்காலம் வேற ஒரு கூட்டம் சிரிச்சுக்கிட்டே இறங்கி வந்துச்சு, மேல ஒண்ணுமே இல்ல, வாழ்க்கையிலயே நல்ல பனின்னு. எங்க ஆறு பேரும் என்னை மொறைச்சாங்க. ஒருத்தர் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார். எங்க வீட்டுக்காரர் கத்தினார், நல்ல நாளைக் கெடுத்துட்டேன்னு. மலை அன்னிக்கு ஒண்ணும் பண்ணல. சும்மாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு ஹால்ல சீட்டு ஆடிக்கிட்டு உக்காந்திருந்தா பாரு, நான் நாலு தடவை எட்டிப் பாத்தேன், உக்காந்திருக்காளான்னு. அன்னிலேருந்துதான் எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல. கிராப்பும் போடல. ஷீட்டு வச்ச எடத்துல சுவரு மட்டும் இருக்கு.

கேஹரோட மறு விசாரணை நேத்து ஷிம்லாவுலன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. கோவில் போறேன்னு பொய் சொல்ல எனக்கு வரல, வீட்டுக்காரர்கிட்ட நேராவே சொன்னேன், ஷிம்லா போறேன்னு. "போய் என்னத்தச் சொல்லப் போற?"ன்னார். "நோட்டைக் காட்டப் போறேன்." "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு ஆவுடை. செத்தவன் வரவா போறான்?" "கிராப் முறைப்படி போட்டதுன்னு விளக்கிட்டு வந்துர்றேன்"னேன். அதுக்குத்தான் போனேன், நெஜமா. என் முறையில தப்பில்லன்னு நாலு படிச்சவங்களுக்குத் தெரியட்டும்னுதான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு பேர். நடுவுல ஒரு அம்மா, நரைச்ச முடி, அவங்களும் மலை ஏறுறவங்களாம். கேஹர் ஓரமா நாற்காலியில. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டான். "உங்களை யாரு கூப்பிட்டா?"ன்னு கேட்டாங்க. யாரும் கூப்பிடலன்னேன். நோட்டையும் ஷீட்டையும் பரப்பி வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன், ரெண்டு புள்ளி, நடு மதிப்பு, நேர் கோடு, எந்தப் புத்தகத்துல வேணாலும் பாருங்கன்னு. பாடம் எடுக்கிற மாதிரி எடுத்தேன். ஒருத்தர் கொட்டாவி விட்டார். அந்த அம்மா மட்டும் பொறுமையாக் கேட்டுட்டு, பேனாவைக் கீழ வச்சுட்டு, "அன்னிக்குக் காலைல இவர் உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?"ன்னாங்க.

அதை இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டது இல்லம்மா.

"ராத்திரி காத்து எப்படின்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அமைதின்னு சொன்னேன்."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

கேஹர் மேஜையையே பாத்துக்கிட்டு இருக்கான். அட்டைக்குள்ளேருந்து ஹெல்முட் குடுத்த பேப்பரை எடுத்தேன். எடுக்கணும்னு நெனைச்சு எடுக்கல. கை எடுத்துச்சு. மேஜை மேல வச்சு, "தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன். முழு ராத்திரியுமான்னு மறுபடி கேட்டான். கோட்டைப் பாருன்னேன். அந்தக் கோடு நான் போட்டது"ன்னேன். அப்புறம் நான் என்ன பேசினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. தமிழ்ல பேசியிருக்கேன் போல, அந்த அம்மா தண்ணி ஊத்திக் குடுத்து "இந்தியில சொல்லுங்க"ன்னாங்க.

முடிவு சாயங்காலமே சொல்லிட்டாங்க. பனியைத் தோண்டிப் பாக்காதது கேஹரோட தப்புதான், அது அப்படியே இருக்கும். ஆனா ரெண்டு வருஷம் போதும், அடுத்த மாசத்துலேருந்து லைசென்ஸ் உண்டு. எனக்கு: மெசேஜ் வராத நேரத்தை இனிமே கோடு போட்டு இணைக்கக் கூடாது, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் ஒண்ணு. நான் சொன்னதை எல்லாம் எழுதி ஒரு நகல் யோனாஸ் சம்சாரத்துக்கு அனுப்புவாங்களாம். விதியாம். இன்னிக்குத் தபால்ல போட்டிருப்பாங்க. எத்தனை நாளாகும் ஸ்வீடனுக்கு? பத்து நாள்? அவ அதைப் பிரிச்சுப் படிச்சுட்டு, அப்புறம் நிமிந்து சுவத்தைப் பாப்பால்ல?

வெளிய வராந்தாவுல கேஹர் நின்னான். நான் போய் நின்னேன். ஒரு தாங்க்ஸ் சொல்லுவான், நாமளும் பரவாயில்லப்பான்னு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? "அன்னிக்கு ஏன் தீதீ தெரியாதுன்னு சொல்லல? சொல்லியிருந்தா நான் தோண்டிப் பாத்திருப்பேனே." கோவமா இல்ல. சத்தமா இல்ல. சின்னப் புள்ள சந்தேகம் கேக்குற மாதிரி கேட்டான். நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள படியிறங்கிப் போயிட்டான். விடிய விடிய லாட்ஜுல யோசிச்சேன். காலைலேருந்து பஸ்ஸுல யோசிக்கிறேன். பாக்க நல்லா இருக்காதுன்னுதான்னு சொல்ல முடியுமா ஒரு மனுஷன்கிட்ட?

பஸ் நிக்குது. டீக்குத்தான். நீ போய்க் குடிச்சிட்டு வா. எனக்கு வேணாம். நான் இப்படியே கொஞ்சம் நடக்கிறேன்.

வந்துட்டியா? உக்காரு, உக்காரு. நீ அந்தப் பக்கம் போன நேரத்துல அவன் வந்தாம்மா. நான் பஸ்ஸுக்குப் பின்னாடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டு இருக்கேன். எதிர்ல வந்து நின்னான். போனை நீட்டிக் காட்டினான்.

"தீதீ, மூணு நாளா பனி உயரம் ஒரே எண்ணு. கம்பத்துக் கண்ணுல பனி ஒட்டியிருக்கு. நாளன்னிக்கு மேல போய்த் துடைக்கப் போறேன். நீங்களும் வாங்க."

"நானா?"ன்னேன். "எனக்கு முட்டி வலிப்பா."

"மெதுவாப் போலாம்."

"பலகை கட்டி நடக்கத் தெரியாதே."

"வேணாம். பனியில நடக்கிற அகலச் செருப்பு இருக்கு. என் சம்சாரத்தோடது உங்களுக்குச் சரியா இருக்கும்."

நான் அவன் கையையே பாத்துக்கிட்டு நின்னேன். உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, ஒம்போது வருஷமா அந்தக் கம்பம் சொன்னதை எழுதுனவ, நான் அந்தக் கம்பத்தைக் கண்ணால பாத்ததே இல்ல. நாலு மணி நேரம் ஏறணும்பாங்க. எனக்குச் சமையல் இருக்கும், ஷீட்டு இருக்கும். முகட்டைக் கூட வாசல்லேருந்து பாத்ததுதான். அது அவனுக்கும் தெரியும்.

"வழி அந்தச் சரிவு மேலதானே போகுது கேஹர்?"ன்னு கேட்டேன்.

"ஆமா தீதீ. அதைக் கடந்துதான்."

டிரைவர் ஹாரன் அடிக்கிறான். எல்லாரும் ஏறுறாங்க. அவன் நகரல.

"சரி, வர்றேன்"னேன். "காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ராத்திரிக் காத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்"னான்.